காப்பகத்துக்கு வந்த நன்கொடை

என் செல்லத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். காப்பகத்தில் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும் குழந்தைகளைத் தவிர எல்லோரும் நலம்தான். உன் அத்தான் வழக்கம்போல லாரியும் கையுமாக அலைகிறார்.

ஆய்வகத்திலிருந்து நீ அனுப்பிய முடிவு கிடைத்தது. காப்பகத்து ஜன்னலில் நான் துடைத்தெடுத்த தூசியில் இவ்வளவு ஈயமா? தெருமுனைப் பட்டறையில் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்குகிறார்கள், அந்தப் புகை நம் தலையில்தான் இறங்குகிறது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் அதை எண்ணாகக் காகிதத்தில் பார்த்ததும் எழுந்துபோய் ஜன்னல்களையெல்லாம் சாத்தினேன். இனி குழந்தைகளின் இரத்தத்தைப் பரிசோதிக்காமல் இருக்க முடியாது. காப்பகத்தையும் புகை எட்டாத இடத்துக்கு மாற்றியாக வேண்டும். பெற்றோர்கள் தருவது பாலுக்கும் பாய்க்குமே சரியாகப் போகிறது.

அதனால் ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். சுற்றுச்சூழலுக்கும் சமூக மாற்றத்துக்கும் நிதி தருகிறவர்களாம். எழுதி முடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. ‘நீங்கள் கொண்டுவரும் மாற்றத்தை எப்படி அளப்பீர்கள்?’ என்று ஒரு கேள்வி. பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் கேட்டேன். காப்பகத்துக் கட்டிடம் அவருடையதுதான், உனக்குத் தெரியுமே. "மாற்றம் என்ன சட்டைத் துணியா டீச்சர், டேப் வெச்சு அளக்க?" என்று சிரித்தார். கடைசியில், ‘பட்டப்பகலில் தூங்கி விழாமல் ஓடியாடும் குழந்தைகளை வைத்து அளப்போம்’ என்று எழுதினேன். வேறெப்படி அளப்பது?

பரிசோதனையைத் தகுதியுள்ள ஆய்வகம் ஒன்று செய்யும் என்று மட்டும் குறிப்பிட்டேன். உன் பெயரையோ நம் உறவையோ எங்கும் சொல்லவில்லை. தங்கைக்கு வேலை பிடித்துக் கொடுக்கிறாள் என்று யாரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாது, பார்.

இதற்கு முன் நான் எழுதிய இடங்களெல்லாம் ‘தங்கள் முயற்சி பாராட்டுக்குரியது’ என்று சொல்லிக் கையைக் கழுவின. இவர்கள் மறு வாரமே நேரில் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அத்தானுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான், கேட்டு வாய் மூடுவதற்குள் ஓடி வருகிறார்களே என்று இருக்கிறது. என் புத்தி அப்படி.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. உறையின் வாய் பிரித்து ஒட்டியதுபோல் இருந்தது. நீயே மறந்துபோய் எதையாவது வைக்கத் திரும்பப் பிரித்தாயா? அடுத்த முறை எழுதும்போது சொல்.

அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும், மெல்லிய குரல், வெள்ளை உடை. பாயில் குழந்தைகளோடு கூச்சமில்லாமல் உட்கார்ந்தார். சுருட்டை என்று ஒரு பெண் குழந்தையைப் பற்றி எழுதியிருந்தேனே, விளையாடிக்கொண்டே இருக்கும்போது கண் சொருகிவிடும் என்று, அவளை மடியில் தூக்கிவைத்துத் தலையைக் கோதினார். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

பிறகு என் விண்ணப்பத்தை எடுத்து அதில் சில வார்த்தைகளை மாற்றலாமா என்று கேட்டார். ‘ஈயம்’ என்பதற்குப் பதில் ‘தூய்மைக் குறைபாடு’. ‘இரத்தப் பரிசோதனை’ என்பதற்குப் பதில் ‘ஆரோக்கிய விழிப்புணர்வு’. பயமுறுத்தும் சொற்கள் இருந்தால் மேலிடத்தில் நிதி தாமதமாகும் என்றார். பரிசோதனை செய்வதென்றால் அவர்களுடைய மருத்துவரே செய்வாராம். முடிவுகள் அறக்கட்டளையிடம் மட்டும் இருக்குமாம், வேறு யாருக்கும் காட்டக் கூடாதாம். அப்படி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே, போகிற போக்கில் கேட்பதுபோல் ஒன்று கேட்டார். "தூசியெல்லாம் டெஸ்ட் பண்ணிக் குடுத்தது உங்க தங்கச்சிதானே? இன்னும் அந்த பேக்கரி மாடியிலதான் குடியிருக்காங்களா?"

குழந்தைகளுக்குப் பால் நேரமாகிறது என்று பேச்சை மாற்றினேன். வாசலில் கார் திரும்பும்வரை நின்றுகொண்டே இருந்தேன். நீ பேக்கரி மாடியில் இருப்பது எனக்கும் அத்தானுக்கும் தவிர இந்த ஊரில் யாருக்கடி தெரியும்?

கையெழுத்துப் போடுவதற்கு முன்பே நன்கொடை வரத் தொடங்கிவிட்டது. முதலில் ஒரு சறுக்குமரம் வந்தது. மஞ்சள் நிறம், குழந்தைகள் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறார்கள். அடுத்து ஒரு காவலாளி வந்தார். சம்பளம் அறக்கட்டளை தருமாம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். யார் வந்தாலும் போனாலும் போனில் யாரிடமோ சொல்கிறார். தபால்காரரிடமிருந்து தபாலையும் அவரே வாங்கி வைத்துக்கொள்கிறார். எனக்கு உதவியாம்.

அத்தானிடம் சொன்னேன். நீ எல்லாவற்றுக்கும் பயப்படுகிறாய் என்றார். ஆனால் அன்றைக்கு அவரே எழுந்துபோய்க் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டார்.

இந்தக் கடிதத்தைத் தொலைவில் உள்ள தபால் பெட்டியில் போடுகிறேன். காப்பகத்து முகவரிக்கு இனி எழுதாதே.

அக்கா

*

கண்ணே,

இதைத் தபாலில் போடவில்லை. கொண்டுவருகிறவர் அத்தானோடு வேலை பார்த்த டிரைவர், நம்பகமானவர். அவரிடம் ஐஸ் பெட்டி ஒன்றும் இருக்கும். முதலில் அதை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வை, பிறகு படி.

போன வாரம் சுருட்டையின் அம்மா வீட்டுக்கு வந்தாள். பட்டறையில் பேட்டரி உடைக்கிறவள். இத்தனை நாள் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள், வேலை போய்விடுமே என்று. அன்று தானாக வந்து உட்கார்ந்தாள். அறக்கட்டளை அம்மாவைப் பட்டறையில் பார்த்தாளாம்.

"அவங்க எங்க முதலாளி வீட்டு மருமக, டீச்சர். அங்க எல்லாரும் எந்திரிச்சு நிக்கறாங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம் சொன்னாள்: "போடாதீங்க. நேத்து எம்பொண்ணு என்னைப் பாத்து, நீ யாருன்னு கேட்டா."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அவளே மற்ற அம்மாக்களிடம் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒவ்வொருவராக, ஏதோ விருந்துக்கு வருவதுபோல், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார்கள். உன் தோழி, அந்த நர்ஸ்தான், நம் சமையலறையில் வைத்து இரத்தம் எடுத்தாள். சுருட்டை ஊசியைப் பார்த்துக்கூட முகம் சுளிக்கவில்லை. மற்றவர்கள் போட்ட கூச்சலைத் தாங்கினேன், அவளுடைய அமைதியைத்தான் தாங்க முடியவில்லை. பெட்டியில் இருப்பது அந்த இரத்தம்தான். அம்மாக்கள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்திட்ட தாளும் உள்ளே இருக்கிறது.

மறுநாள் ஒப்பந்தத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். நிதி வேண்டாம், சறுக்குமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், காவலாளியை அழைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க இஷ்டம் டீச்சர். உங்களுக்கும் கூடப்பிறந்தவங்க இருக்காங்க. பாத்து நடந்துக்கோங்க." அவர் கை சில்லென்று இருந்தது.

அதற்கடுத்த நாள் காப்பகத்தின் கதவில் என் பூட்டின் மேல் வேறொரு பூட்டு தொங்கியது. தையல்காரர் என் முகத்தைப் பார்க்காமலே, கட்டிடம் தனக்கு வேண்டும் என்றார். அவருடைய மேசை நிறையப் பட்டறைத் தொழிலாளர்களுக்கான புதுச் சீருடைத் துணி. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், பிள்ளைகுட்டிக்காரர். அத்தானை லாரியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த லாரி நிறுவனத்துக்குப் பாதிச் சரக்கு பட்டறையுடையதுதானே. காவலாளி மட்டும் வேலையில் இருக்கிறார். இப்போது நாற்காலி நம் வீட்டுக்கு எதிரே கிடக்கிறது.

குழந்தைகளை இப்போது நம் கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். சிலர் அனுப்பவில்லை. சுருட்டையின் அம்மா அனுப்புகிறாள். அத்தான் பாட்டுப் பாடித் தூங்கவைக்கிறார். அவர் குரலுக்கு அவர்கள் தூங்குவதே அதிசயம்.

இனி எல்லாம் உன் கையில். பரிசோதித்து, முடிவை உன் மேலதிகாரி மூலமாகவே சுகாதாரத் துறைக்கும் நீதிமன்றத்துக்கும் கொடு. பத்திரிகைக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடு. ஒரே இடத்தில் கொடுத்தால் ஒரே இடத்தில் அமுங்கிவிடும். எனக்கு என்ன ஆகும் என்று யோசித்துக் கை நிற்க வேண்டாம். எனக்கு எதுவும் ஆகாது.

அந்தப் பேக்கரி மாடியை இன்றே காலி செய். வேறு வீடு பார். பார்த்த பிறகு முகவரியை யாருக்கும் சொல்லாதே. எனக்கும் எழுதாதே. என்னிடம் யாராவது கேட்டால், தெரியாது என்று நான் உண்மையாகவே சொல்ல வேண்டும்.

தனியாக நடக்காதே. யாராவது என் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டினால் திறக்காதே. நூறு வயது இரு, என் தங்கமே.

உன்னை என்றும் நினைத்திருக்கும்
அக்கா