தலையிடி என்று சொல்லித் திரும்பிய தம்பிக்கு

என் செல்லச் சுதன்,

நீ போய் ஒரு வருடமாகப் போகிறது. ஹரிஸ் பார்க் கடையில் லட்டு வாங்கும்போது இப்போதும் உனக்கும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன். வீட்டுக்கு வந்து அதை யார் தின்பது?

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நீ சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரை கேட்கத்தான் ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறாய். உன் ஆங்கிலம் தடுமாறுமே என்று அவர்கள் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள். நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

"அந்த அங்கிள் கதிரையிலை இருந்த உடனை, 'தம்பி ஊரிலை எவடம், ஆற்றை மகன்?' எண்டு கேட்டவர், அக்கா. நான் தலையிடி எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

பனடோல் மாத்திரையோடு வீட்டுக்கு வந்தாய். அந்த மனிதரும் பாவம், எந்த ஊர், யாருடைய மகன் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார். ஆனால் ஆண்களை விரும்பும் ஒருவன் அதற்கு எப்படிப் பதில் சொல்வான்? ஊர் தெரிந்தால் அப்பா பெயர் தெரியும், அது தெரிந்தால் சிட்னி முழுக்கத் தெரியும். அதற்குப் பிறகு நீ எந்த டொக்டரிடமும் போகவில்லை. நோய் தொற்றியது தெரியவந்தபோது நியூமோனியா முற்றியிருந்தது.

மருந்து இருக்கிற நாட்டில் உன்னைப் பறிகொடுத்தேன். அழுகையைவிடக் கோபம்தான் எனக்கு முதலில் வருகிறது.

அந்தக் கோபத்தோடுதான் கிளினிக்குக்குப் போய்ச் சண்டை போட்டேன். நீ இருந்திருந்தால் "அக்கா, வாயைக் கொஞ்சம் மூடு" என்றிருப்பாய். இப்போது அங்கே முதலிலேயே கேட்கிறார்கள்: தமிழில் பேச ஆள் வேண்டுமா, வேண்டுமென்றால் வேறு நகரத்திலிருந்து, உங்கள் பெயரே தெரியாமல், போனில் பேசட்டுமா என்று. உன்னைப் போன்ற எங்கள் பெடியன்கள் வரத் தொடங்கியிருக்கிறார்களாம். உனக்கு மட்டும் ஏனடா இது கிடைக்கவில்லை?

வீட்டில் இன்னும் நீ நெஞ்சுச்சளியில் போனதாகத்தான் கதை. அம்மா எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறார். ஆண்டுத் திவசத்துக்கு வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன், உண்மை தெரிந்தால்தான் மற்றப் பெடியன்களாவது தப்புவார்கள் என்றேன். அம்மா எழுந்து குசினிக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

நேற்றுத்தான் அதற்குப் பதில் சொன்னார். "அந்தப் பெடியளுக்கும் தாய்மார் இருக்கினம்தானே. நீ சொல்லாதை. பெத்தவள், நான் சொல்லுறன்."

திவசத்தன்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன், சுதன். அவர் குரல் நின்றுபோனால் மிச்சத்தை நான் சொல்லி முடிப்பேன்.

உன் வாயாடி அக்கா