பேட்டரி நன்றாகத்தான் இருந்தது, ஆண்டிச்சாமி

அன்பு மச்சான் ஆண்டிச்சாமிக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் குதிரைவண்டியை இப்போது உன் மச்சினன்தான் ஓட்டுகிறான். ஸ்டேஷன் வாசலில் சவாரி பிடிக்க அவனுக்கு இன்னும் வாய் வரவில்லை, கூச்சப்படுகிறான். உன் வீட்டுக்காரி பேச்சியம்மாள் தைரியமாக இருக்கிறாள். இதையெல்லாம் சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் சொல்ல வேண்டியது வேறு.

உன் மேல் எனக்குப் பொறாமை. நீ இருந்தபோதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

நீயே யோசித்துப் பார். என் சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் அந்தக் குட்டி விமானத்தைக் கொண்டுவந்தது எனக்காக. தரையில் நின்றுகொண்டு ரேடியோவால் ஓட்டுகிற விமானத்தைத் திண்டுக்கல்லில் யார் பார்த்திருக்கிறார்கள்? பாதி கெட்டு வந்த ரேடியோப் பெட்டியைப் பிரித்து, வால்வு மாற்றி, ஈயம் பற்றவைத்துச் சரிசெய்தவன் நான். கம்பவுண்டரிடம் கெஞ்சி ஈதர் வாங்கி, மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து என்ஜினுக்கு ஊற்றியவன் நான். விமானத்தின் மூக்கு விசிறியைச் சுண்டிவிட்டு விரலில் அடிவாங்கியவனும் நான்தான். நீ அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாய், அவ்வளவுதான்.

தாடிக்கொம்பு ரோட்டில் சோளம் அறுத்த காட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் விட்டேன். மூன்று முறையும் விழுந்தது. பெட்டியில் இருந்தது ஒரே பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பும், அடுத்த தடவை இடப்பக்கம். அதை ஞாபகம் வைத்துக்கொள்வதுகூடப் பெரிதில்லை. விமானம் என்னை விட்டுப் போகும்வரை எல்லாம் ஒழுங்கு. திரும்பி என்னைப் பார்த்து வரும்போதுதான் வலது எது, இடது எது என்று தலை குழம்பும். கருவேல மரத்தை விட்டு விலக்குகிறேன் என்று நினைத்து அழுத்துவேன். நேராக மரத்துக்கே போகும்.

நாலாவது வாரம் நீ கேட்டாய், "ஏலே சுந்தரம், செத்த நேரம் அந்தப் பொட்டியக் குடு."

கொடுத்தேன். உன் கையிலும் விழுந்தால் என் மானம் தப்பும் என்ற நினைப்பில்தான் கொடுத்தேன். நீயோ "வலத்தே, இடத்தே" என்று முணுமுணுத்தபடி அழுத்தினாய். விமானம் எதிரே வந்தபோது அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாய். மூன்று வட்டம் அடித்தது. எண்ணெய் தீர்ந்து என்ஜின் நின்ற பிறகும் பதறாமல் பூப்போல இறக்கினாய்.

"எப்படிடா?" என்று கேட்டேன்.

"நாந்தேன் அதுக்குள்ள உக்காந்திருக்கேன்ல. வண்டி எங்கிட்டுத் திரும்புனா என்ன, ஓட்டுறவனுக்கு வலது வலதுதேன். நீயும் வா, சொல்லித்தாரேன்."

கடையில் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டேன். எந்த வேலையும் இல்லை. ஊரெல்லாம் அதை 'ஆண்டிச்சாமி ஏரோப்ளேன்' என்று சொல்ல ஆரம்பித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அது என் ஏரோப்ளேன்!

பிறகு அந்தப் பள்ளிக்கூட ஆண்டுவிழா வந்தது. மைதானம் நிறையக் கூட்டம். நீ துவைத்த காக்கிச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, விமானம் விடத் தயாராக நின்றாய். நான் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பேட்டரி போச்சு, இன்னைக்கு விட முடியாது" என்றேன். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. உன் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். எனக்கு அது இனித்தது, மச்சான். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. அன்று காலையில்தான் சோதித்திருந்தேன்.

நீ என்ன செய்தாய்? என் தோளில் கை போட்டு, "பேட்டரி போனதுக்கு நீ என்ன செய்வ, விடு" என்றாய். மறுநாள் குதிரையை அவிழ்த்துக் கட்டிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறி, கடைகடையாக அலைந்து, புதுப் பேட்டரியோடு வந்தாய். மழையில் நீ நனைந்திருந்தாய், துண்டுக்குள் பேட்டரி நனையவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். உனக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லையா? வந்தும் கேட்காமல் விட்டாயா? அப்படியொரு மனசு உனக்கு வாய்த்ததே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டவன் நான்.

அப்புறம் உனக்குக் காமாலை கண்டது. ஆஸ்பத்திரிக்கு வந்தபோதெல்லாம் சொல்லிவிட நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே காட்டில் நான் விட்டேன். நீ நின்ற மாதிரியே முதுகைக் காட்டி நின்று பார்த்தேன். பறந்தது, மச்சான்! மரத்தைச் சுற்றி முழுசாக ஒரு வட்டம். சோளத்தட்டை கட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், "நல்லாத்தேன் விடுறீக. ஆனா அந்தக் குதிரைவண்டிக்காரரு விட்டா இம்புட்டு ஆடாதுங்கய்யா."

செத்தும் ஜெயிக்கிறாயே என்று ஆத்திரம் வந்தது. வண்டிப் பாதையில் உட்கார்ந்து அழுதேன்.

சிங்கப்பூர்க்காரன் கடிதம் போட்டிருக்கிறான். வெளிநாட்டில் இப்போது ஹெலிகாப்டரையும் இதே மாதிரி ரேடியோவால் ஓட்டப் பார்க்கிறார்களாம். எவன் விட்டாலும் விழுகிறதாம். படித்தவுடன் என் மனசில் வந்தது, நீ இருந்தால் ஓட்டியிருப்பாய் என்பதுதான். அடுத்து வந்தது, நல்லவேளை இங்கே ஒன்று வரவில்லை என்பது. நான் திருந்தவில்லை, பார்த்தாயா?

வருகிற மாதம் அதே பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா. விமானம் விடச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பேச்சியம்மாளை முன்வரிசையில் உட்கார வைப்பேன். பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் மைக்கைப் பிடித்து, அன்றைக்குப் பேட்டரி போகவில்லை, பொய் சொன்னேன் என்பேன். இந்த ஊரில் இதை ஓட்டத் தெரிந்தவன் ஆண்டிச்சாமி ஒருத்தன்தான் என்பேன். அவர்கள் உனக்குக் கை தட்டுவார்கள். எனக்கு வயிறு எரியும். எரியட்டும், நின்று கேட்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
ரேடியோக்கடை சுந்தரம்