வாபஸ் வாங்காத பிராது

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் அந்த மஞ்சள் பட்டை மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறது. புதிய பதிப்பு வந்துவிட்டதாம், வெப்சைட்டைப் புதுப்பிக்க வேண்டுமாம். போன மாதம்தானே செய்தேன் என்று எரிச்சலாக வந்தது. நீ இருந்திருந்தால், அம்மாடி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வாய்தா வந்துடுச்சு அண்ணி" என்று சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீ ஆறும்வரை அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் பீங்கான் சாம்பிராணிக் கிண்ணங்களுக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று நீ முதலில் சொன்னபோது, "பீங்கான கையில எடுத்துத் தட்டிப் பாத்து வாங்குவாங்களா, டிவில பாத்து வாங்குவாங்களா?" என்று உன் அண்ணன் கேலி பேசினார். நீ கேட்டுக்கொள்ளவில்லை. ஜங்ஷன் ரோட்டில் நீ நடத்திய பிரவுசிங் சென்டரில், ஆள் வராத மத்தியான நேரங்களில் நீயே உட்கார்ந்து அதை உருவாக்கினாய். சூளையிலிருந்து இறக்கிய சூடு ஆறாத கிண்ணத்தை நான் துணியால் பிடித்துக்கொள்ள, நீ படம் எடுப்பாய். பாதிப் படங்களில் என் கட்டைவிரல் ஓரமாக விழுந்திருக்கும். துபாயில் கடை வைத்திருக்கும் மங்கலம்பேட்டை பாய் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நோன்புக்கு முன்னால் சரக்கு கேட்டார். அதோடு உன் அண்ணனின் கேலி நின்றது.

பிறகு அந்தக் கொலு சீசன். பொம்மை வேலையில் யாருக்கும் தலை நிமிர நேரமில்லை. நீயும் சென்டரைப் பூட்டிவிட்டு வந்து வர்ணம் பூச உட்கார்ந்துவிட்டாய். மஞ்சள் பட்டை வந்தது, அப்படியே கிடந்தது. அப்போது அது லேசில் முடிகிற வேலையும் இல்லை. ஒவ்வொரு ஃபைலாக ஏற்ற வேண்டும். நடுவில் கரண்ட் போனால் பாதி பழசு பாதி புதுசாக எல்லாம் நின்றுவிடும். "ஓடற வண்டிய எதுக்குக் கழட்டணும்?" என்றார் உன் அண்ணன்.

சீசன் முடியும் முன்பே பாய் போன் செய்தார். "என்னம்மா, ஒங்க பக்கத்த தொறந்தா செவப்பா எச்சரிக்க வருது. உள்ள போனா கம்ப்யூட்டருக்கு ஆபத்துங்குது. மீறிப் போனா எவனோ மாத்திர விக்கிறான். இத நான் யாருக்கும்மா காட்டுறது? சரியாவலன்னா இந்தத் தடவ வேற எடத்துல பாத்துக்கறேன்." அவருக்கான கிண்ணங்கள் அப்போது சூளையில் வெந்துகொண்டிருந்தன.

நீ காப்பி எடுத்து வைத்திருந்த சிடியைப் போட்டு எல்லாவற்றையும் மீட்டாய். மாத்திரைக்காரன் திரும்ப வந்தான். மறுபடி மீட்டாய், மறுபடி வந்தான். உன் அண்ணன் பொறுமையிழந்து, குளித்துவிட்டு மணவாளநல்லூருக்குக் கிளம்பினார், கொளஞ்சியப்பரிடம் பிராது கட்ட. நாம் இருவரும் கூடப் போனோம். காணாமல் போன மாட்டுக்கும் ஏமாற்றிய பங்காளிக்கும் நம் ஊரில் மனு எழுதிக் கட்டுகிற சாமியிடம், வெப்சைட்டைக் கெடுத்தவன் மேல் ஒரு மனு. எதிரியின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் அவர் பேனாவோடு திகைத்து நின்றார். "பேரு தெரியாது, ஊரு தெரியாது, ரஷ்யாவா இருந்தாலும் இருக்கும்னு எழுதுண்ணே" என்றாய் நீ. எனக்கு வந்த சிரிப்பை முந்தானையை வைத்து அடக்கினேன்.

வீட்டுக்கு வந்தபின் நீ விளையாடவில்லை. "ஆள சாமி பாத்துக்கட்டும். ஓட்டைய நாமதான் அடைக்கணும். மஞ்சப் பட்டைய கண்டுக்காம உட்டதால வந்த ஓட்ட, நான் எடுத்து வச்ச காப்பிலயும் அதேதான் இருக்குது அண்ணி." பழையதை முழுக்க அழித்தாய். புதிய பதிப்பைப் போட்டு, படங்களை ஒவ்வொன்றாக ஏற்றி, பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றினாய். நம்மிடம் கணக்கு எழுதிவிட்டு, கல்யாணமாகி நல்லூருக்குப் போய்விட்ட பெண்ணின் பெயரையும் வெப்சைட்டுக்குள்ளிருந்து நீக்கினாய். நல்ல பெண்ணாயிற்றே என்று நான் இழுத்தேன்.

"நல்ல பொண்ணுதான். ஆனா ஆள் போன பொறவு பேரு மட்டும் உள்ள இருந்தா, வூட்டுச் சாவிய வெளிய தொங்க உட்டாப்புலதான் அண்ணி. மொதல்ல அத எடுத்துடணும்."

சிவப்பு எச்சரிக்கை மறைந்தது. பாய்க்குக் கிண்ணங்கள் கிளம்பின. குறை தீர்ந்தால் பிராதை வாபஸ் வாங்குவதுதானே முறை என்று உன் அண்ணன் மறுபடி கிளம்பினார். நீ தடுத்தாய். "வேணாண்ணே. இந்தக் கேசு முடியாது. அவன் வந்துகிட்டேதான் இருப்பான், நாம பூட்டிகிட்டேதான் இருக்கணும்." அன்றிலிருந்து ஒவ்வொரு மஞ்சள் பட்டையும் உனக்கு வாய்தா ஆயிற்று.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில், காய்ச்சல் கொதிக்கும்போதுகூட, "காப்பி எடுத்தீங்களா அண்ணி?" என்றுதான் கேட்டாய். எடுத்தேன்மா என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அதற்குப்பின் நீ பேசவில்லை.

எனக்கு அலுப்பாக இருக்கிறது, அம்மாடி. சூளை, ஆள் சம்பளம், கரண்ட் கட், அதற்கு மேல் இதுவும். பேசாமல் எல்லாவற்றையும் மூடிவிடலாமா என்று பல நாள் தோன்றியிருக்கிறது. இப்போதெல்லாம் ஒரே பொத்தானில் புதுப்பித்துவிடலாம், தெரியுமா? நீ பார்த்திருந்தால் குதித்திருப்பாய். இன்றும் முதலில் காப்பி எடுத்தேன், பிறகு அழுத்தினேன். டீயைச் சூடு பண்ணிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அப்புறம், இத்தனை மாதமாகப் பார்த்தும் பார்க்காததுபோல் தாண்டிப்போன இடத்துக்குப் போனேன். உள்ளே நுழைய உரிமை உள்ளவர்களில் என் பெயருக்கு மேலே உன் பெயர் இருந்தது. நீக்கு என்பதை அழுத்தினேன். உடனே போய்விடவில்லை. இவர் எழுதிய பக்கங்களை என்ன செய்வது, சேர்த்து அழிப்பதா, வேறொருவர் பெயருக்கு மாற்றுவதா என்று திரை கேட்டது. என் கட்டைவிரல் விழுந்த படங்கள், விலைகள், பாய்க்கு நீ எழுதிய பெருநாள் வாழ்த்து, எல்லாமே உன் பெயரில்தான் இருந்தன. அழுதுவிட்டேன்.

உன் அண்ணன் எட்டிப் பார்த்தார். என் முகத்தையும் திரையையும் பார்த்துவிட்டு, "அந்தப் பிராத வாபஸ் வாங்கிட்டு வந்துடட்டுமா? அவளே போயிட்டா" என்றார்.

"இருக்கட்டுங்க. கேசு நடக்குது."

அவர் போனதும், திரை கேட்ட இடத்தில் என் பெயரைக் காட்டி அழுத்தினேன். நீ செய்து வைத்ததெல்லாம் இப்போது என் பெயரில் இருக்கிறது. அடுத்த வாய்தாவுக்கும் நானே ஆஜராகிறேன்.