ஜெபமணி அக்கா விரலை ஏன் தளர்த்தினார்?

அன்பு ஜெபமணி அக்கா,

நீங்கள் கண்மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. நம் ஆபரேஷன் தியேட்டருக்கு, தொண்டைக்குள் பார்த்து மூச்சுக்கான குழாயை இறக்க உதவும் வீடியோ லாரிங்கோஸ்கோப் வந்துவிட்டது. நுனியில் கேமரா, மேலே உள்ளங்கை அளவுக்குத் திரை. "உள்ள அப்படி என்னதான் சார் தெரியுது?" என்று என்னை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள். பழைய கருவியில் மயக்க டாக்டரான நான் மட்டும்தான் குனிந்து பார்க்க முடியும். நீங்கள் உதவிக்கு நின்று குழந்தையின் கழுத்தில் விரலை வைத்து, எனக்கு வழி தெரியும்படி நான் சொல்கிற பக்கம் குரல்வளையை அழுத்துவீர்கள். பதினெட்டு வருஷம் பார்க்காமலே அழுத்தினீர்கள்.

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. படம் என்னவோ தெளிவுதான். ஆனால் குழாய் மூக்கு வழியாகப் போகும்போது லேசாக ரத்தம் கசிந்தாலும் கேமரா மங்கிவிடுகிறது. பழையதில் அந்தத் தொல்லை குறைவு. அதே சமயம், மூக்கு வழியாக இறக்கிய குழாயை இடுக்கியால் பிடித்துத் திருப்புகிற வேலை புதியதில் பல நேரம் மிச்சமாகிறது. ஏன்? நாக்கை அவ்வளவு தூக்காததாலா? இன்னும் பிடிபடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை புளியங்குடியிலிருந்து ஐந்து வயதுப் பெண் குழந்தை வந்தது. வாய் முழுக்கச் சொத்தைப் பல். பல் டாக்டர் வேலை செய்ய வாய் காலியாக இருக்க வேண்டும், அதனால் மூச்சுக்கான குழாயை மூக்கு வழியாக இறக்க வேண்டும். "மூக்கு வழியாவா போடுதீய? பிள்ளை தாங்குமா சார்?" என்று அதன் அம்மா கேட்டார். தாங்கும் என்றேன்.

உங்கள் இடத்தில் இப்போது திருவேங்கடம் ஊர்க்காரி செல்வி நிற்கிறாள். குழந்தை மயங்கியதும் புதிய கருவியை வைத்து, அவளை அழுத்தச் சொன்னேன். திரையில் குரல்நாண்கள் நன்றாகத் தெரிந்தன. குழாய் அவற்றைத் தாண்டியதும் நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தேன், போகவில்லை. "விட்டுராத, நல்லா அழுத்து" என்றேன். குழந்தையின் ஆக்சிஜன் இறங்கத் தொடங்கியது.

செல்வியும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், நான் அழுத்துத இடம் உள்ள நெருக்குது. அங்கனதான் முட்டுது. லேசா விடட்டுமா?"

விட்டாள். குழாய் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பல் வேலையெல்லாம் முடிந்து, குழந்தை கண்விழித்து அம்மாவைத் தேடி அழுத பிறகுதான் என்னால் உட்கார முடிந்தது.

உட்கார்ந்ததும் உங்கள் நினைவு. குழாய் போகிற நேரம் பார்த்து நீங்களும் விரலைத் தளர்த்துவீர்கள். நான் எரிந்து விழுவேன். ஒருமுறை எல்லோர் முன்னாலும், "வேலையில கவனம் இல்லன்னா வெளிய நில்லுங்க" என்று சொல்லிவிட்டேன். "விரல்ல தட்டுச்சு சார், அதான் விட்டேன்" என்றீர்கள். நான் காதிலேயே வாங்கவில்லை. குழந்தையின் குரல்வளை இளசு, அழுத்தினால் ஒடுங்கும் என்பது நானும் படித்ததுதானே, அக்கா? செல்விக்குத் திரை தேவைப்பட்டது. எனக்குத் திரையோடு செல்வியும் தேவைப்பட்டாள். உங்களுக்கு எப்படித் தெரிந்தது? குழாய் உரசுவது விரலடியில் தெரியுமா? அன்றே கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். இனி யாரைக் கேட்பேன்?

அன்று பேசியது எல்லோர் முன்னாலும். அதனால் இதையும் எல்லோரும் படிக்கவே எழுதுகிறேன். இனி எந்தக் கருவி என் கையில் இருந்தாலும், கழுத்தில் விரல் வைத்திருப்பவரிடம் என்ன தட்டுப்படுகிறது என்று கேட்காமல் குழாயைத் தள்ளமாட்டேன். நம் தியேட்டரில் கவனம் இல்லாமல் நின்றது நான்தான் அக்கா.

நீங்கள் பொறுத்துக்கொண்ட தம்பி,
சங்கரன்கோவில்