நகராத யானை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

விடுதி அறைகளைப் பார்வையிட வந்த வேதியியல் மேடம், நாம் கடிதத்திலேயே ஆடும் சதுரங்கத்தை என் மேசையில் பார்த்ததும் வந்த வேலையை மறந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் இதே பைத்தியமாம். இப்போது தினமும் சாயங்காலம் அவரோடு ஓர் ஆட்டம். மற்ற நேரமெல்லாம் இருப்புக்கொள்ளாமல் வராந்தாவை அளந்துகொண்டிருக்கிறேன்.

நேற்று நம் பலகையைப் பார்த்துவிட்டு, "யானையை நகர்த்துடி, நாலே மூவ்ல உங்கம்மா காலி" என்றார்.

"தெரியும் மேடம். போன மாசமே பாத்துட்டேன்."

யானையை நோக்கி நீட்டிய கையை அவர் மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

உன் பழைய போர்வையை அனுப்பு. குளிரெல்லாம் இல்லை, சும்மாதான். வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தியிருக்கிறேன். நீயும் அவசரப்பட்டு ஜெயித்துவிடாதே.

உன் மகள்