உடம்பு மாறக்கூடாது

மார்ச் 4

இன்றும் மலைக்கு வால் எலும்பில் சிவப்பு. ஃபோமை மாற்றியாயிற்று, சாய்வை மாற்றியாயிற்று, இனி என் தலையெழுத்தைத்தான் மாற்ற வேண்டும்.

மலை என்பது என் வீட்டுக்காரர்தான். பட்டறையில் எல்லோரும் அவரை முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுகிறார்கள். அவருக்கும் அதில் ஒரு பெருமை. லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷர். ஆறு பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிற லிஃப்டில் தான் ஏறினால் இன்னும் மூன்று பேருக்குத்தான் இடம் என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

பிசினஸ் கிளாஸில் நெடுந்தூரம் பறக்கிறவர்களை நாங்கள் நாலு ரகமாகப் பிரித்திருக்கிறோம். ஏறியதும் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர், இறங்கும்வரை லேப்டாப்பை மூடாதவர், கைக்குழந்தைக்காரி, பெரிய உடம்புக்காரர். ரகத்துக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு வடிவமைப்பாளர். பெரிய உடம்பு என் தலையில் விழுந்தது. பின்கூடத்தில் பிளைவுட்டும் ஃபோமும் வைத்து மாதிரி சீட்டு செய்து, கட்டில் மாதிரி நீட்டி, அழுத்தம் காட்டுகிற விரிப்பைப் போட்டு ஆளைப் படுக்க வைப்போம். உடம்பு எங்கே எவ்வளவு அழுந்துகிறது என்று திரையில் நிறமாக வரும். பச்சை நல்லது. மஞ்சள் பரவாயில்லை. சிவப்பு என்றால் பாதிப் பயணத்திலேயே மரத்துப்போய்ப் புரண்டு புரண்டு தவிப்பார்கள்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒரு ரகத்துக்கு ஒரே உடம்பு; என் சீட்டுக்கு இவர் உடம்பு. சீட்டு மாறலாம், உடம்பு மாறக்கூடாது. முதல் நாள் உயரத்தையும் எடையையும் எடுத்து வைத்துக்கொண்டால் கடைசிவரை அதுதான் கணக்கு. வேறு ஆளைக் கொண்டுவந்தால் எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஜூன் கடைசிக்குள் அளவுகளை முடித்துக் கொடுத்தாக வேண்டும் என்று மேலாளர் ஒற்றைக்காலில் நிற்கிறார். எந்நேரமும் கெடுவைப் பற்றியே பேசுவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரும் கெடு.

வரும் வழியில் இவரிடம் சொன்னேன், ஜூன் வரைக்கும் உங்களுக்கு ஒரு காய்ச்சல்கூட வரக்கூடாது என்று. தலையாட்டினார். தமாஷாகத்தான் சொன்னேன்.

மார்ச் 21

மேலடுக்கில் புது ஃபோம். சிவப்பு பாதியாகச் சுருங்கியிருக்கிறது! படுத்த பத்தாவது நிமிஷமே அவர் குறட்டை விட்டதை விரிப்பைக் கவனிக்கிற பெண் போனில் பதிந்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். குறும்புக்காரி. அவளுக்கு என் மகள் வயதுதான், என்னை அக்கா என்பாள்.

ஏப்ரல் 2

இவர் தானாகவே டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டார். மழைதான் கொட்டப்போகிறது.

ஏப்ரல் 17

சிவப்பு போய்விட்டது. மஞ்சள்தான். பின்கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். கெடுகூடத் தட்டினார், ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தொடையில்.

வெளிநாட்டில் இருக்கிற மகளுக்கு வீடியோவில் சொன்னேன். அவள் சீட்டைப் பற்றிக் காது கொடுத்தே கேட்கவில்லை. அப்பா ஏன் இளைச்சுத் தெரியுறார் என்றாள். கேமரா கோணம் அப்படி என்றேன். அவர் பின்னாலிருந்து வயிற்றைத் தட்டிக் காட்டி, சரக்கு அப்படியே இருக்கு என்றார்.

மே 3

மாடி வீட்டு அம்மா படியில் நிறுத்திக் கேட்டாள், வீட்டுக்காரர் பாதியாக ஆகிவிட்டாரே, என்ன வைத்தியம் என்று. சர்க்கரையை நிறுத்திட்டார், அவ்வளவுதான் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் தன் புருஷனுக்கும் நிறுத்தப்போகிறாளாம்.

மே 14

முழுப் பச்சை. தோள், இடுப்பு, வால் எலும்பு, குதிகால் எல்லாமே பச்சை. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இப்படி ஒரு படத்தை இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. மலையையே அசைச்சுட்டீங்க என்றார் கெடு. இரண்டு வாரத்தில் விமான நிறுவனத்து ஆட்களை அழைத்துக் காட்டப்போகிறாராம்.

ராத்திரிச் சாப்பாட்டில் இவர் பாதியை ஒதுக்கிவிட்டார். வயசானா வயிறு சுருங்கும் என்றார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்தப் பாதியையும் நானே சாப்பிட்டேன்.

மே 27

விமான நிறுவனத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அதில் தலைமையாக வந்தவரும் என் வீட்டுக்காரர் மாதிரி பெரிய உடம்புதான். பச்சைப் படத்தைக் காட்டியதும் தானே கோட்டைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

சிவப்பு. நடு இடுப்பில் ஒரு தட்டு அளவுக்குச் சிவப்பு.

கெடு, விரிப்பு பழுதாகிவிட்டது போல என்று சிரித்துச் சமாளித்தார். அந்த மனுஷர் கோட்டை மாட்டிக்கொண்டு, பழுது விரிப்பிலா ஃபோமிலா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது.

மே 28

காலையில் நானும் விரிப்புப் பெண்ணும் மணல் மூட்டைகளை அடுக்கிப் பார்த்தோம். விரிப்பில் ஒரு குறையும் இல்லை. எவ்வளவு வைத்தோமோ அவ்வளவு காட்டியது. ஃபோமும் அதே ஃபோம். விரிப்பு மாறவில்லை, சீட்டு மாறவில்லை. அப்படியென்றால் மாறியது எது?

அவள் மூட்டைகளை இறக்கி வைத்தாள். பிறகு மெதுவாக, "அக்கா, சாரை ஒரு தடவை எடை பாத்துடலாமா?" என்றாள்.

எரிந்து விழுந்தேன். உன் வேலையைப் பார் என்றேன். பாவம், அவள் தன் வேலையைத்தான் பார்த்தாள்.

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவரும் வேலைக்குப் போகவில்லை, சோபாவில் காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தார். எடை மிஷினைத் தூக்கிவந்து காலடியில் போட்டேன். எதுக்கு இப்ப என்றார். ஏறுங்க என்றேன். ஏற மாட்டேன் என்று மழுப்பினார். நான் கத்தினேன், அப்புறம் ஏறினார்.

முதல் நாள் எடுத்த எடையில் இருபத்திரண்டு கிலோ இல்லை.

இருபத்திரண்டு கிலோ! ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒரே தட்டில் போட்டுக்கொடுத்துக்கொண்டு நான் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? இடுப்பு பெல்ட்டில் ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்தி ஓட்டை போட்டு வைத்திருக்கிறார். மேல் வயிற்றிலிருந்து முதுகுக்கு ஊடுருவுகிற மாதிரி வலியாம், மார்ச்சிலிருந்தே. சர்க்கரையை நிறுத்தவும் இல்லை. டீயே குமட்டியிருக்கிறது, பாதியைத் தொட்டியில் கொட்டியிருக்கிறார்.

ஏன் சொல்லலை, ஏன் சொல்லலை என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். என் கையைப் பிரித்துவிட்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"உன் சீட்டு நல்லா வந்துட்டிருந்துச்சு. நான் ஆஸ்பத்திரி அது இதுன்னு போயிட்டா நீ முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்ல. ஜூன் முடியட்டும்னு இருந்தேன்."

சீட்டு நல்லா வரவில்லையே. இவர்தானே கரைந்துகொண்டிருந்தார். அதை நான் திரையில் பார்த்துக் கை தட்டினேன்.

ஜூன் 6

கணையத்தில் புற்று. பரவிவிட்டது.

டாக்டர் என்னை மட்டும் வெளியே அழைத்துச் சொன்னார். மார்ச்சிலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா என்றார். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். அது உண்மைதானா, இல்லை எனக்காகச் சொன்னதா?

உள்ளே போனால் அவர் நர்ஸிடம் இந்தக் கட்டிலோட மோட்டார் சத்தம் சரியில்லை, கிரீஸ் போடச் சொல்லுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூன் 11

அந்தச் சோதனை எதுவும் செல்லாது, பெரிய உடம்புக்கு இந்தச் சீட்டு தாங்காது என்று கெடுவிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு இதமாகத்தான் பேசினார். வீட்டுக்காரருக்கு இப்படி ஆனதில் வருத்தமாம். ஆனால் மே மாதப் படத்தில் பொய் ஒன்றும் இல்லையாம், படுத்தவர் படுத்தார், பச்சை வந்தது. யாரோ ஒருவர் கோட்டோடு புரண்டதை வைத்து எல்லாவற்றையும் கலைக்க முடியாதாம். அவர் கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் படுத்தார் என்றேன். நீங்க இப்ப மனசு சரியில்லாம இருக்கீங்க, லீவு எடுங்க என்றார்.

லீவு எடுத்துக்கொண்டு வாயை மூடியிருக்கலாம். அந்தப் பச்சையில் என் பெயர் இருக்கிறது. சிகிச்சைக்கு என் சம்பளமும் வேண்டும். மாலையில் இவரிடம் சொன்னேன். கண்ணை மூடியபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அந்தச் சீட்டை அனுப்பிடாத. என்னை மாதிரி ஒருத்தன் ராத்திரி பூரா அதுல கெடந்து வேகுவான்."

"உங்களை மாதிரி" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டேன். இப்போது அவரே அவரை மாதிரி இல்லை.

ஜூன் 13

விமான நிறுவனத்து மனுஷரைப் போனில் நேரே அழைத்துச் சொல்லிவிட்டேன். பழுது ஃபோமில், விரிப்பில் இல்லை என்று. அவர் நன்றி என்றார்.

ஜூன் 16

சீட்டை என்னிடமிருந்து பிடுங்கி, தூங்குகிறவர் சீட்டு செய்கிறவனிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இனிமேல் கால் வைக்கும் பலகை மட்டும். விரிப்புப் பெண் மட்டும் வாசல்வரை கூட வந்தாள். வருத்தப்படவேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. இந்த வருத்தத்துக்கு என்னிடம் இடமே இல்லை.

ஜூலை 9

இரண்டாவது முறை மருந்து ஏற்றினார்கள். இரண்டு கரண்டி சூப். அதுவும் தங்கவில்லை.

ஜூலை 24

மருந்தை நிறுத்திவிடலாம் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 12

ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்து முன்னறையில் போட்டிருக்கிறோம். ஜன்னல் பக்கம். உதவிக்கு ஒரு அம்மா காலையில் வந்து மாலையில் போகிறாள். அவளும் நானுமாக அவரைத் திருப்பிப் போடுகிறோம், இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம். சதை இல்லாத உடம்பில் எலும்பு நேராகப் படுக்கையில் இறங்குகிறது. வால் எலும்பின் மேல் தோல் சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்கிறேன். அழுத்தினால் வெளுத்துத் திரும்பவும் சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காவிட்டால் புண்ணாகப்போகிறது என்று அர்த்தம். இதைப் பட்டறையில் நாங்கள் புத்தகத்தில் படித்ததோடு சரி. இன்று ஒரு இடம் வெளுக்கவில்லை.

இத்தனை வருஷம் மற்றவர்கள் படுத்துக்கொண்டு பறப்பதற்கு மூளையைக் கசக்கினேன். பணம் கட்டி ஒரு ராத்திரி படுக்கிறவர்கள். என் வீட்டில் படுத்தவருக்கு என்னால் ஒரு புண்ணைத் தடுக்க முடியவில்லை. வெட்கம் என்று எழுதலாமா? வெட்கம்தான்.

செப்டம்பர் 5

மகள் வந்துவிட்டாள். கிடைத்த டிக்கெட்டில், பின்வரிசையில், கழிப்பறைக்குப் பக்கத்து நடு சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். வழி முழுக்க அழுதிருக்கிறாள். இந்தப் பக்கத்து ஆள் தூங்குகிற மாதிரி நடித்தாராம், அந்தப் பக்கத்து அம்மா தன் போர்வையையும் எடுத்து இவள் மேல் போட்டுவிட்டாளாம்.

குளித்துவிட்டு வந்து, தலையைக்கூடத் துவட்டாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு அடுப்படிக்கு வந்து கேட்டாள்.

"ஏம்மா, இந்த மாதிரி போறவங்களுக்குன்னு உங்க ஆளுங்க ஒரு சீட்டு யோசிச்சதே இல்லையா?"

இல்லை என்றேன். நாலு ரகம் பிரித்தபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். சாவுக்குப் போகிறவரை யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் விற்காது என்று விட்டிருப்போம். கெடுவைக் குறை சொல்ல மாட்டேன், நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 22

இன்று அவருக்குப் பேச்சு வந்தது. தான் சின்ன வயதில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லச் சொன்னாள் மகள். பாதி சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். மீதியை அவளே சொன்னாள், எனக்காக.

அக்டோபர் 1

புண் ஆறவில்லை. ஆறாது என்கிறாள் உதவிக்கு வருகிற அம்மா. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அக்டோபர் 8

உதவிக்கு வருகிற அம்மா இன்று வரவில்லை, அவள் பேரனுக்குக் காய்ச்சல். மகள் வலி மருந்து வாங்கப் போயிருந்தாள். கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்காரவேண்டும் என்று அவர் கேட்டதால், காலையில் மகளும் நானுமாக அவரை உட்காரவைத்திருந்தோம். வெயில் முகத்துக்கு வந்ததும் போதும், படுக்கிறேன் என்றார். அவள் வரட்டும் என்றேன். முடியலை என்றார்.

குனிந்து ஒரு கையை அவர் தோளுக்கு அடியிலும் ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்தேன். கல்யாணமான புதிதில் என்னைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிய மனுஷர். என் காதுக்குப் பக்கத்தில் மெதுவாகச் சொன்னார்.

"பாத்து. உனக்கு இடுப்பு பிடிச்சுக்கும்."

தூக்கிப் படுக்கவைத்தேன். இடுப்பு பிடிக்கவில்லை.