கோடையில் போகாத உள்ளான்கள்

1955 மார்ச் 19, சனி

முதல் ரயிலில் எண்ணூர். தண்ணீர் வடிந்து, உப்பளம் வரைக்கும் சேறு பளபளவென்று கிடந்தது. அதன்மேல் கொசு உள்ளான்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற பறவைதான், ஆனால் பெரிய கூட்டம். குத்திக் குத்தித் தின்றுகொண்டே ஓடின. இன்னும் இரண்டு மாதத்துக்குள் இவை சைபீரியாவுக்கோ நார்வேயின் வடகோடிக்கோ போய் முட்டையிடவேண்டும். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அந்தக் கூட்டைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

படகுக்காரர் கிருஷ்ணப்பன் இவற்றை வலைபோட்டுக் கறிக்கு விற்பவர். உயிரோடு ஒன்று கேட்டேன்.

"இத்த வளக்கப் போறியாம்மா? ஒரு வாய்க்குக் காணாதே!"

"திங்கறதுக்கு இல்ல. பாக்கறதுக்கு."

"பாக்கறதுக்கா!" என்று சிரித்தார். ஆனாலும் கொடுத்தார். ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, துப்பட்டிக்குள் வைத்துக்கொண்டு ராயபுரம் வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் வயிற்றுப் பக்கம் அது துடித்துக்கொண்டே இருந்தது.

மார்ச் 20

மொட்டைமாடியில் கூண்டு. அடியில் ஈரமணல். கூனி இறாலைப் போட்டதும் தின்றது. அப்பாடா.

மாமிக்குப் பிடிக்கவில்லை. "புருஷன் கப்பல்ல, பொண்டாட்டி சேத்துல. நல்லா கீது குடும்பம்" என்றார். மச்சான் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கிலீஷ்காரன் சரக்குக் கப்பலில் என்ஜின் அறை வேலை. எந்தக் கடலில் இருக்கிறார் என்று அவர் அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கல்லூரி ஆய்வுக்கூடமும் இந்தச் சேறும் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ.

ஏப்ரல் 9

நிறம் மாறுகிறது! சாம்பல் இறகுக்கு அடியிலிருந்து துருப்பிடித்த மாதிரி ஒரு சிவப்பு, முதலில் கன்னத்தில், பிறகு மார்பில். எடையும் ஏறுகிறது. தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு. வழிச்செலவுக்குக் கட்டிக்கொள்கிறது.

ஏப்ரல் 24, ஞாயிறு

நோன்பு ஆரம்பம். இன்று எதிர்பாராமல் ஒன்று. பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்கிற நேரத்துக்குக் கூண்டில் படபடவென்று சத்தம். மேலே ஓடினேன். பறவை வடக்குப் பக்கக் கம்பியில் மோதிக்கொண்டிருந்தது. கூண்டைத் திருப்பி வைத்தேன். அதுவும் திரும்பி மறுபடி வடக்கிலேயே போய் மோதியது! நோன்புக் கஞ்சி ஆறிப்போய்விட்டது. மாமி கீழேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. ஏன்? கண்டுபிடித்த சந்தோஷமா, வேறு ஏதாவதா?

ஏப்ரல் 30

தினமும் அதே நேரம், அதே பக்கம். நெற்றியில் இறகு உதிர்ந்து தோல் தெரிகிறது. விட்டுவிடலாம். ஆனால் எங்கள் விலங்கியல் துறைத் தலைவி தங்கபுஷ்பம் அம்மாள், இன்னும் ஒரு வாரம் குறித்துக்கொண்டு வா, பேசலாம் என்றிருக்கிறார். ஒரு வாரம்தானே.

மே 3, செவ்வாய்

கல்லூரியிலிருந்து வந்து பார்க்கிறேன், கூண்டு காலி. கதவு திறந்து கிடக்கிறது.

மாமி அடுப்படியில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"நாந்தான் தொறந்து வுட்டேன்."

"மாமி, அது என் வேலை மாமி! ஒரு வாரம்... ஒரு வாரம்தான் கேட்டேன்!"

"நெத்தியில ரத்தம். நோன்பு நாளு. நீ படிக்கறதுக்காவ அது மண்டைய ஒடச்சிக்கணுமா? போய்ச் சொல்லு ஒங்க டீச்சராண்ட, மாமியாக்காரி கெடுத்துட்டான்னு."

கத்திவிட்டேன். என்னென்னவோ சொன்னேன். எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் கையைக் கழுவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எம் புள்ள அத்தாவுல்லா மொதல்ல கப்பல் ஏறப்போ பதினேழு வயசு. நான் வாசல்ல குறுக்க நிக்கல. நின்னிருந்தா இருந்திருப்பான். இருந்து இன்னா பண்ணியிருப்பான்? மூஞ்சியத் தூக்கிக்கினு ஒக்காந்திருப்பான்."

எப்படிப் போனது என்று கேட்டேன். மதிற்சுவர்மேல் கொஞ்சம் உட்கார்ந்ததாம். பிறகு மசூதிப் பக்கமாகப் போயிற்றாம். மசூதி எங்களுக்கு வடக்கே.

மே 4

மாமியோடு பேச்சில்லை.

மே 5

பேசிவிட்டோம். வடை நன்றாக இருந்தது.

ஜூன் 8

மச்சான் வந்துவிட்டார்! முன்னறிவிப்பு ஒன்றுமில்லை. வாசலில் பெட்டியோடு நின்றார். இளைத்திருக்கிறார். ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. என்ஜின் இரைச்சல். மாமி அவர் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தூணோரம் நின்றேன். புதுப்பெண் மாதிரி கூச்சம்.

ஜூன் 10

போன வருஷம் ரஷ்யாவின் வடக்குத் துறைமுகம் ஒன்றில் மரம் ஏற்றினார்களாம். வெள்ளைக்கடல்! என் உள்ளான்கள் போகிற பக்கம். கரையில் இறங்கினீர்களா? சதுப்பு இருந்ததா? சின்னப் பறவை, கழுத்து சிவப்பாக, தரையில்...

யோசித்து யோசித்துப் பார்த்தார். "கொசு. அது மட்டும் ஞாபகம் கீது ஜெரினா. வாயத் தொறந்தா வாய்க்குள்ள. அம்மாங் கொசு நம்ம காவாயிலகூட இல்ல."

மற்றொரு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். குஞ்சுகளுக்குத் தீனி அதுதானே! அதற்குத்தானே இத்தனை தூரம்! ஆனால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "அந்தக் கரையில நின்னுட்டு வந்து கொசுன்னு சொல்றீங்க. நான் நின்னிருந்தா..."

"அப்ப நீ போயேன்!"

இருவரும் சாப்பிடாமல் எழுந்தோம்.

ஜூன் 12, ஞாயிறு

சமாதானம் பேச வந்தவர் மாதிரி அவரே கேட்டார், "எண்ணூருக்கு நானும் வரட்டா?" முழங்கால் வரைக்கும் சேறு. விழுந்தார். கிருஷ்ணப்பன் தூக்கிவிட்டு, "கடல்ல ஓடுற ஆளு, கணுக்கால் தண்ணில கவுந்துட்டியே மாமு" என்றார்.

கூட்டமெல்லாம் போய்விட்டது. ஆனாலும் உப்பளக் கரையில் கொஞ்சம் உள்ளான்கள் தங்கியிருக்கின்றன. ஒவ்வொரு கோடையிலும் இப்படிச் சில. சிவப்பு இல்லை. நைந்துபோன சாம்பல் இறகு.

"அதுங்கோ சோம்பேறிம்மா" என்றார் கிருஷ்ணப்பன். நோயாளிகளும் நொண்டிகளும்தான் பின்தங்கும் என்பது தங்கபுஷ்பம் அம்மாளின் கட்சி.

எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. நோயாளி இப்படியா ஓடும்?

ஜூன் 20

தங்கிவிட்டவற்றில் ஐந்து பறவைகளை அறுத்துப் பார்த்தேன். புழு இல்லை, புண் இல்லை, உடைந்த எலும்பு இல்லை. கொழுப்பும் இல்லை. இனப்பெருக்க உறுப்பு நூல் மாதிரி, வளரவேயில்லை. ஐந்தும் போன வருஷக் குஞ்சுகள் என்றே நினைக்கிறேன். நோய் இல்லை, நேரம் வரவில்லை. அவ்வளவுதான்!

தங்கபுஷ்பம் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐந்தை வைத்து நான் நம்பமாட்டேன். இன்னும் கொண்டு வா."

இன்னும் என்றால் இன்னும் கொல்லவேண்டும். கையை எத்தனை தடவை கழுவியும் அந்த வாடை போகவில்லை.

ஜூன் 23

கொல்லாமல் காட்ட ஒரு வழி இருக்கிறது. இவற்றின் காலில் வளையம் மாட்டி விட்டுவிடுவது. நோயாளியானால் செத்துப்போகும். இளசானால் வருகிற ஏப்ரலில் சிவக்கும், கொழுக்கும், போகும். ஆனால் ஒரு வருஷம் காத்திருக்கவேண்டும். அதைவிட, தீக்குச்சி கனம்கூட இல்லாத காலுக்கு வளையம் எங்கே கிடைக்கும்?

மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் அலுமினியத் தகடு, ரம்பம், அரம் எல்லாவற்றோடும் வந்து உட்கார்ந்தார்.

ஜூன் 27

முதல் வளையம் கனம். இரண்டாவது கூர்மை, காலைக் கிழிக்கும். ஆறாவது சரியாக வந்தது. தன் உதட்டில் தேய்த்துப் பார்த்து, "குத்தல" என்றார். அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 17

எண்ணூரை அடுத்த வள்ளூர் உப்பளத்தில் மூவருமாக வலை. இதுவரைக்கும் முப்பத்தொரு பறவைகளுக்கு வளையம். வளையம் போட்டதை விற்கக்கூடாது என்று கிருஷ்ணப்பனிடம் சத்தியம் வாங்கினேன். "கால்ல நகை போட்டதத் தின்னா பாவம்" என்றார். மதிற்சுவருக்கு அந்தப் பக்கம் அஜீசா அக்கா, "ஏழு வருசமா வூட்டுல தொட்டில் இல்ல, குருவிக்குக் கொலுசு போடுறாளாம்" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. விழட்டும்.

விழட்டும் என்று எழுதிவிட்டேன். விழுந்த இடம் வலிக்கிறது.

ஆகஸ்ட் 21

கப்பல் ஆபீசிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு வாரமாக மச்சானுக்கு வீட்டில் கால் தரிப்பதில்லை. துறைமுகத்துக்கும் காசிமேட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். நானும் மாடிக்கும் வாசலுக்குமாக. போகாதீர்கள் என்று சொல்லலாம். சொன்னால் இருப்பார் என்று பயம். சொல்லாவிட்டால் போய்விடுவார் என்று பயம்.

ஆகஸ்ட் 23

கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்துவிட்டார்!

"ஏன்?"

"என்ஜின் ரூமுக்குள்ள எல்லா ஊரும் ஒண்ணுதான் ஜெரினா. ஒரே சூடு, ஒரே சத்தம். நீ எத்தினி கேள்வி கேட்ட. ஒண்ணுக்கும் என்னாண்ட பதில் இல்ல. அவ்ளோ தூரம் போய் நான் ஒண்ணுமே பாக்கலேன்னு அன்னிக்கிதான் தெரிஞ்சுது."

திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் வேலை கேட்டிருக்கிறாராம். மாமி உள்ளே போய்த் தொழுகைப்பாயை விரித்தார்.

1956 ஜனவரி 14

கூட்டங்கள் செப்டம்பரிலேயே திரும்பிவிட்டன. அத்தனை ஆயிரம் கால்களுக்குள் ஒரு வளையத்தைத் தேடுகிறேன். தூரக்கண்ணாடி வைத்து வைத்துக் கண்ணே வீங்கிவிட்டது. ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

வடக்கு நார்வேயில் ஒரு பறவை நிலையம் கோடைக்கு உதவியாளர் கேட்கிறதாம். தங்கபுஷ்பம் அம்மாள் என் பெயரை எழுதியே அனுப்பிவிட்டார். "நான் நம்பாதவள்தான். அதனால்தான் உன்னை அனுப்பச் சொல்கிறேன், பார்த்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடு" என்றார். வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 15, ஞாயிறு

வளையம்!! வெயில் பட்டு மின்னியது. கன்னமும் மார்பும் செக்கச்சிவப்பு. கொழுத்துப்போய்ப் பந்து மாதிரி இருக்கிறது. வலையில் சிக்கியதும் மச்சான் கையில் வாங்கி, "நான் அடிச்சதுதான் இது, எனக்குத் தெரியும்" என்றார். அரைமணிக்குள் இன்னொன்று. பிறகு இன்னும் இரண்டு. நோன்போடு வெயிலில் நின்றதில் தலை சுற்றியது. சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கேயே சொன்னேன், நார்வேயிலிருந்து வரச்சொல்லிவிட்டார்கள் என்று.

அவர் வலையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். கேட்காத காதுப் பக்கம் சொல்லிவிட்டேனோ என்று மறுபக்கம் போனேன். "கேட்டுச்சு" என்றார். பிறகு, "திரும்பி வந்துடுவ இல்ல?"

ஏழு வருஷமாகத் துறைமுக வாசலில் நின்று நான் கேட்ட கேள்வி.

ஏப்ரல் 29

வளையம் போட்டவை ஒன்றும் கண்ணில் படவில்லை. கூட்டமும் இல்லை. போய்விட்டன.

தங்கபுஷ்பம் அம்மாள் எல்லாவற்றையும் இரண்டு தரம் படித்துவிட்டு, "சரி" என்றார். அவர் வாயில் அந்தச் சொல் வருவது அபூர்வம்.

மே 13

பெருநாள் கழிந்தது. நாளை மறுநாள் கப்பல். மாமிக்கு ஒரே கவலைதான், அங்கே ஹலால் கிடைக்குமா. மீன் கிடைக்கும் மாமி என்றேன். "அப்ப ஊறுகா போதும்" என்று இரண்டு ஜாடி கட்டிவிட்டார். அஜீசா அக்காவிடம் வாசலில் நின்று சத்தமாகச் சொல்கிறார்: "எம் மருமவ சீமைக்குப் போறா, வேல பாக்க!"

மச்சான் தன் கம்பளிக் கோட்டைத் தைத்துச் சின்னதாக்கிக்கொண்டிருக்கிறார். பெட்டியை மூடுகிறேன், திறக்கிறேன், மூடுகிறேன். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

ஜூலை 2, திங்கள்

வடக்கு நார்வே. மரமே இல்லாத நிலம். பாசியும் சின்னச் சின்னக் குளங்களும். நிலையத்துக்காரர் தூரத்திலேயே நின்றுகொண்டு, நீ போய்ப் பார் என்று கை காட்டினார்.

முதலில் ஒரு கல் என்று நினைத்தேன். மண்டியிட்டதும் கல் கண் சிமிட்டியது. கையெட்டும் தூரம். பறக்கவில்லை. எழுந்து, வயிற்றடியில் அலகால் எதையோ நகர்த்தியது. நாலு முட்டைகள், கூர்முனை உள்பக்கமாக. மறுபடி மெதுவாக அமர்ந்து, இறகை விரித்து மூடிக்கொண்டது. காலில் வளையம் இல்லை. எந்த ஊர்ச் சேற்றிலிருந்து வந்ததோ.

அளவுகோலும் தராசும் பையில் இருந்தன. எடுக்கவில்லை. மச்சானுடைய கோட்டைக் கீழே விரித்து நானும் உட்கார்ந்தேன். ஈரம் ஏறியது. நிலையத்துக்காரர் இரண்டு தரம் கூப்பிட்டார். எழுந்திருக்க மனம் வரவில்லை.